காருக்குள் சாப்பிடக் கூடாது

மூன்று மணிக்கே எழுந்து
புளிச்சோற்றைத் தாம்பாளத்தில் பரத்தி ஆறவிட்டேன்.
சூட்டோடு கட்டினால் மதியத்துக்குள் ஊசிப்போகும்.
ஊசிப்போனால் நாலு பேருக்கு
எண்ணூற்று நாற்பது ரூபாய்.

விலை விவரம் அவர் தந்தது.
சேர்மத்துரை ஒன்பது வருடமாக
எக்ஸ்பிரஸ்வே ஓட்டல் வாசலில்
வண்டியை நிழலில் போட்டுக் காத்துக் கிடப்பவர்.
உள்ளே போனதில்லை.
ஜவேரி மேடம் கசக்கிப் போடும் பில்லை
வண்டி துடைக்கும்போது பிரித்துப் படிப்பார்.
தோசை இருநூற்றுப் பத்து.
தண்ணீர்கூட டோல்கேட் தாண்டினால் விலை ஏறிக்கொள்ளும்.
சீட்டுத் தவணை எழுதுவதுபோல்
எல்லாவற்றையும் மனதில் எழுதி வைத்திருந்தேன்.

இந்தத் தடவை அந்த வண்டியே எங்களுக்கு.
ரெண்டு நாள், மகாபலேஷ்வர்.
பெட்ரோல் நம்முது, டிரைவர் சம்பளம் மிச்சம்
என்று அவரே சிரித்தார்.
மேடம் ஒன்றே ஒன்று சொன்னாராம்:
காருக்குள் சாப்பிடக் கூடாது.
வெள்ளைத் தோல் சீட்டு,
பூண்டு வாசம் ஏறினால் இறங்காது.

இதை எப்போது சொல்கிறார்?
சயான் கோலிவாடாவில்
பால் வண்டி வருகிற நேரத்தில்,
நான் மூன்றடுக்குத் தூக்கு, பிளாஸ்க்,
சீனி தடவிச் சுருட்டிய சப்பாத்தி,
பூண்டுத் துவையல், அவித்த முட்டை எட்டு
எல்லாவற்றையும் மாடியிலிருந்து
இறக்கி வந்து நின்ற பிறகு.

'முட்டையுமா?'
முட்டைதான் மலிவு என்றேன்.

டிக்கியில் வைத்தோம்.
துண்டு சுற்றி, அதன்மேல் பழைய ரெயின்கோட் சுற்றி,
களவாண்ட சாமான் மாதிரி.

செம்பூர் தாண்டுமுன் சரணுக்குப் பசி.
மான்குர்டில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது,
ஒரு மணி நேரம் ஒரு சக்கரம் உருளவில்லை.
பக்கத்து வண்டியில் யாரோ
சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்தார்கள்.
ரெண்டு பக்கமும் கண்ணாடி மூடியிருந்தும்
கிழிகிற சத்தம் கேட்டது என்று
இலக்கியா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

பாலத்துக்குக் கீழே ஒதுக்கினார்.
பானெட்டில் பேப்பர் விரிக்கப் போனேன்,
கீறல் விழும் என்றார்.
அதனால் நின்றபடியே,
ஆளுக்கொரு தட்டு, புழுதி, ஹாரன்,
துவையலை மோப்பம் பிடித்து வந்த நாய்.

அவர் மட்டும் தள்ளி நின்றார்.
கண்ணை வண்டியைவிட்டு எடுக்காமல்
கவளத்தை மெல்லாமல் விழுங்கினார்.
இப்படித்தானா ஒன்பது வருடமும்?
'யாரும் கூப்பிடப் போறதில்ல,
மெதுவாத் தின்னுங்க' என்றேன்.
காது கேளாத மாதிரி
ரெண்டாவது முட்டையை எடுத்து
அதையும் ரெண்டே கடியில்.

காலாப்பூரில் கை தானாகத் திரும்பிவிட்டது.
பாத்ரூமுக்கு என்றார். அது காசில்லை.
பிள்ளைகளும் நானும் வந்துவிட்டோம், ஆளைக் காணோம்.
பத்து நிமிடம் கழித்து
காகிதக் கோப்பையோடு வெளியே வந்தார்.
'எழுபது ரூவா. வாயில வைக்க வெளங்கல'
என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.
ஒரு வாய் வாங்கிக் குடித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

ஞாயிறு ராத்திரி கணக்குப் பார்த்தேன்.
மிச்சம் ஆயிரத்து அறுநூற்று இருபது.
அவர் டார்ச் அடித்து
சீட்டு சீட்டாக மூக்கை வைத்து முகர்ந்தார்.
என்னையும் முகரச் சொன்னார்.
எனக்கு என் சமையல் வாசம் எப்படித் தெரியும்?
கடைசியில் எலுமிச்சை ஸ்பிரே ஒன்று வாங்கினார்.
தொண்ணூற்றொன்பதைக் கழித்துக்கொண்டேன்.

திங்கள் ஒன்றும் கேட்கவில்லை மேடம்.
செவ்வாயும்.
புதன்கிழமை சீட்டு இடுக்கிலிருந்து
ரெண்டு விரலால் எடுத்து நீட்டினாராம்,
மஞ்சள் பூத்த ஒரு வறுத்த கடலை.
இது என்ன?
கடலை மேடம் என்றாராம்.
வாங்கி வாயில் போட்டுக்கொண்டாராம்.

சரணின் சட்டையை
அன்றைக்குத்தான் ஊறவைத்திருந்தேன்.
பையின் அடியில் வட்டமாக எண்ணெய்க் கறை.
ரெண்டு தடவை சோப்புப் போட்டேன்,
மூன்றாவது தடவை போடவில்லை.